80 தாண்டினா ஸ்டீயரிங் நடுங்குதா? பழைய கார் வைப்ரேஷனை வரிசையா கண்டுபிடிக்கிற முழு வழிகாட்டி

60ல போறப்ப ஒண்ணும் தெரியாது. 85ல ஸ்டீயரிங் லேசா கிசுகிசுக்கும், 95ல ரியர் வியூ மிரர்ல பின்னாடி வர்ற லாரி ரெண்டா தெரியும், 110 போனா திரும்ப அமைதியாயிடும். பத்துப் பதினஞ்சு வருஷம் ஓடின வண்டி வச்சிருக்கறவங்க பாதிப் பேருக்கு இது பழக்கமான கதைதான். எல்லாரும் நேரா போறது அலைன்மென்ட் கடைக்கு, அதாவது வீல் நிக்கற கோணத்தைச் சரி பண்ற கடைக்கு. அங்கதான் முதல் தப்பு.

அலைன்மென்ட் தப்பா இருந்தா வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஓரம் தேயும். ஆனா ஸ்பீடுல நடுங்காது. நடுங்கறதுக்கு ஏதோ ஒண்ணு வட்டமா சுத்தறப்ப கனம் சமமா இல்லாம இருக்கணும், இல்ல வட்டமே வட்டமா இல்லாம இருக்கணும், இல்ல அதைப் புடிச்சு வச்சிருக்கற ஜாயின்ட் லூசா இருக்கணும். இந்த மூணுல எதுன்னு தெரியாம பார்ட்ஸ் மாத்த ஆரம்பிச்சா பர்ஸ்தான் காலி. என் மச்சான் அவன் வண்டிக்கு ரெண்டு லோயர் ஆர்மும் (முன் வீலைக் கீழ்ப்பக்கம் வண்டியோட சேர்க்கிற கை) மாத்தி, டை ராட் எண்டும் (ஸ்டீயரிங்கை வீலோட சேர்க்கிற முனை) மாத்தி, கடைசில பார்த்தா பின் பக்கம் ஒரு டயர் உள்ளுக்குள்ளயே பிரிஞ்சு போயிருந்துச்சு.

கீழ சொல்ற வரிசையை மாத்தாதீங்க. செலவில்லாதது முதல்ல, செலவு வைக்கிறது கடைசில, அதான் கணக்கு.

தொடங்கறதுக்கு முன்னாடி என்னென்ன வேணும்

காத்து செக் பண்ற கேஜ், வண்டியோட வந்த ஜாக்கி, வீல் ஸ்பேனர், ஒரு வயர் பிரஷ், சாக்பீஸ், டார்ச், ஒரு நோட்டு. முடிஞ்சா ஒரு ஜோடி ஜாக் ஸ்டாண்டு. ஸ்டாண்டு இல்லாம வெறும் ஜாக்கில நிக்கற வண்டிக்கு அடியில தலையையோ கையையோ விடவே கூடாது, இதுல சமாதானமே கிடையாது.

கூட ஒரு ஆள் வேணும். நீங்க ஓட்டறப்ப பக்கத்துல உக்காந்து எழுதறதுக்கு. ஓட்டிக்கிட்டே போன்ல நோட் பண்றேன்னு கிளம்பாதீங்க.

1. நின்ன இடத்துலயே டயரைப் பாருங்க

ரோட்டுக்குப் போறதுக்கு முன்னாடியே இதைப் பண்ணச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. டயர்ல வீக்கம் இருந்து, அதை வச்சுக்கிட்டு 100ல டெஸ்ட் பண்ணப் போனா அது டெஸ்ட் இல்ல, வம்பை விலைக்கு வாங்கறது.

காலைல வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி, டயர் சூடாகாம இருக்கறப்ப காத்து செக் பண்ணுங்க. டிரைவர் கதவைத் திறந்தா அந்தத் தூண்ல ஸ்டிக்கர் இருக்கும், அதுல போட்டிருக்கற அளவுதான் அளவு. பங்க்ல அடிக்கிறவர் "எல்லாத்துக்கும் 35 சார்"னு சொல்வார், கேக்காதீங்க.

அப்புறம் ஒவ்வொரு டயரையும் உள் பக்கச் சுவர் வரைக்கும் டார்ச் அடிச்சுப் பாருங்க. முட்டை மாதிரி வீக்கம், வெடிப்பு, கம்பி தெரியறது, இதுல எது இருந்தாலும் அந்த டயர் கதை முடிஞ்சது, மாத்திட்டு அப்புறமா மத்ததைப் பேசலாம். டிரெட் மேல உள்ளங்கையை வச்சு ரெண்டு பக்கமும் தடவிப் பாருங்க, மேடு பள்ளமா அலை அலையா இருந்தா ஷாக் அப்சார்பர் போயிருக்க வாய்ப்பு அதிகம். டிரெட் பள்ளத்துக்குள்ள இருக்கற சின்ன மேட்டுக் கோடு 1.6 மி.மீ. அளவு, தேஞ்சு அந்தக் கோட்டுக்குச் சமமா வந்துட்டா டயர் ஆயுசு முடிஞ்சாச்சு.

டயர் சுவர்ல டி.ஓ.டி.ன்னு ஆரம்பிக்கிற எழுத்துகளோட கடைசி நாலு நம்பரையும் பாருங்க. 2316ன்னு இருந்தா 2016ல 23வது வாரம் செஞ்ச டயர். பழைய வண்டில ஓட்டம் கம்மியா இருக்கறதால டிரெட் நிறைய இருக்கும், ரப்பர் மட்டும் கல்லாயிருக்கும். "டிரெட் சூப்பரா இருக்கே"ன்னு இங்க ஏமாறறவங்கதான் ஜாஸ்தி.

முக்கியமா ரிம்முக்கு உள் பக்கம் பாருங்க, சேறு. இது சிரிக்கிற விஷயம் இல்ல. மழைக்காலத்துல வயக்காட்டு ரோட்டுல போயிட்டு வந்தப்புறம் என் வண்டி 80லயே ஆட ஆரம்பிச்சுது, ரெண்டு நாள் தலையைப் பிச்சுக்கிட்டேன். பார்த்தா முன் வீல் உள்பக்கம் களிமண் காஞ்சு ஓடு மாதிரி ஒட்டியிருக்கு. பேலன்சிங் மெஷின்ல 10 கிராம், 20 கிராம்னு பார்த்துப் பார்த்து வெயிட் ஒட்டறோம், இது கைப்பிடி மண். சுரண்டி எடுத்துத் தண்ணி அடிச்சேன், சரியாயிடுச்சு. செலவு ஒரு பக்கெட் தண்ணி.

வண்டி வாரக்கணக்குல ஒரே இடத்துல நின்னிருந்தா டயர் அடிப்பக்கம் தட்டையாயிடும். லேசா இருந்தா 15, 20 கி.மீ. ஓடி சூடானதும் தானா சரியாயிடும். அதனால அந்த மாதிரி வண்டிய எடுத்த உடனே முடிவு கட்டாதீங்க.

2. ரோட்டுல ஓட்டி, எழுதுங்க

ஒரே ரோடு, நேரான ரோடு, நல்ல ரோடு. நான் திருச்சிப் பக்கம், சமயபுரம் டோல் தாண்டி பாடாலூர் போற வழில கூட்டம் இல்லாத காலை நேரத்துல பண்ணுவேன். ஸ்பீடு லிமிட் போர்டு எவ்ளோ சொல்லுதோ அதுக்குள்ளயே பண்ணுங்க, டெஸ்ட்டுக்கு அது போதும்.

60ல இருந்து 10, 10ஆ ஏத்திக்கிட்டு, ஒவ்வொரு ஸ்பீடுலயும் அரை நிமிஷம் நிலையா பிடிங்க. பக்கத்துல இருக்கறவர் நாலு விஷயம் எழுதட்டும்: எந்த ஸ்பீடுல ஆரம்பிக்குது, எதுல உச்சம், எதுல குறையுது, ஆட்டம் ஸ்டீயரிங்லயா சீட்லயா.

ஸ்டீயரிங் இடம் வலமா ஆடினா பெரும்பாலும் முன் வீல். சீட்டும் தரையும் நடுங்கி, ஸ்டீயரிங் சும்மா இருந்தா பெரும்பாலும் பின் வீல். நூத்துக்கு நூறு இல்ல, ஆனா எங்க ஆரம்பிக்கறதுன்னு சொல்லும்.

ஒரு குறிப்பிட்ட ஸ்பீடுல மட்டும் வந்து அதைத் தாண்டினா குறையுதுன்னா வீல் பேலன்ஸ், ரிம் பக்கம் சந்தேகப்படுங்க. வீலும் சஸ்பென்ஷனும் சேர்ந்து தானா ஆடற வேகம்னு ஒண்ணு இருக்கு, வீல் சுத்தற வேகம் அதோட ஒத்துப் போறப்பதான் ஆட்டம் பெருசாகும், அதைத் தாண்டிட்டா அடங்கும். 30, 40லயே தள்ளாடி, ஸ்பீடு ஏற ஏற மோசமானா டயர் உள்ளுக்குள்ள பிரிஞ்சிருக்கலாம், டெஸ்ட்டை நிறுத்திட்டு மெதுவா வீட்டுக்கு வாங்க.

3. வீலா இன்ஜினா, முதல்ல பிரிங்க

புதுசா பண்றவங்க தாண்டிப் போற ஸ்டெப் இது. பாதி வேலையை மிச்சம் பண்றதும் இதுதான்.

ஆட்டம் நல்லா தெரியற ஸ்பீடுல, 90ன்னு வைங்க, கிளட்ச்சை மிதிச்சு நியூட்ரல் பண்ணி உருள விடுங்க. இன்ஜினை ஆஃப் பண்ணவே கூடாது, பவர் ஸ்டீயரிங் போயிடும், பிரேக் பூஸ்டரும் கொஞ்ச நேரத்துல போயிடும். நியூட்ரல்லயும் அதே ஆட்டம் இருந்தா வீல், டயர், ஹப்பு (வீல் மாட்டற நடுப் பகுதி), பேரிங் பக்கம். உடனே நின்னுட்டா இன்ஜின், இல்லேன்னா டிரைவ் ஷாஃப்ட் (கியர்பாக்ஸ்லேர்ந்து வீலைச் சுத்த வைக்கிற தண்டு) பக்கம்.

அடுத்து அதே ஸ்பீடுல 5வது கியருக்குப் பதிலா 4வது போட்டுப் பாருங்க. ஸ்பீடு அதேதான், ஆர்.பி.எம். மட்டும் ஏறும். ஆட்டம் மாறலைன்னா இன்ஜினுக்கு சம்பந்தமில்ல. மாறினா இன்ஜின் மவுண்ட்டை, அதாவது இன்ஜினைத் தாங்கற ரப்பரைப் பாக்கணும்.

நம்பர்ல பாக்கணும்னு ஆசை இருக்கறவங்களுக்கு ஒரு வழி. ஃபைஃபாக்ஸ்னு ஒரு இலவச ஆப் இருக்கு, ஜெர்மனில ஆகன் யுனிவர்சிட்டி பண்ணினது, போன்ல இருக்கற சென்சாரை வச்சு ஆட்டம் எத்தனை ஹெர்ட்ஸ்னு, அதாவது செகண்டுக்கு எத்தனை தடவைன்னு கிராஃப்ல காட்டும். போனை சீட்டுக்கு அடியில தரையில நல்லா டேப் போட்டு ஒட்டுங்க. 185/70 ஆர் 14 டயர் ஒரு சுத்துக்கு சுமார் 1.93 மீட்டர் போகும். 100 கி.மீ. வேகம்னா செகண்டுக்கு 27.8 மீட்டர், அதாவது செகண்டுக்கு 14 சுத்துக்கு மேல. அதனால 14 ஹெர்ட்ஸ் பக்கத்துல மேடு தெரிஞ்சா வீல்தான், 90க்குக் குறைச்சா அது 13க்கு இறங்கணும். இன்ஜின் 3000 ஆர்.பி.எம்.ல இருந்தா செகண்டுக்கு 50 சுத்து, ரெண்டும் கிட்டக்கூட வராது. ஆப் இல்லாட்டியும் பரவால்ல: கண்ணுக்குத் தெரியற மாதிரி ஆடினா வீல், கைல ரீங்காரமா கூசினா இன்ஜின்னு தோராயமா வச்சுக்கலாம்.

4. நட்டும் ஹப்பும்

வீலைக் கழட்டறதுக்கு முன்னாடி, வண்டி தரையில இருக்கறப்பவே ஒவ்வொரு நட்டும் டைட்டா இருக்கான்னு பாருங்க. ஒண்ணு லூசா இருந்தா அதுவே பதிலா இருக்கலாம்.

அப்புறம் சமதளத்துல நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, தூக்காத பக்கம் வீலுக்குக் கல் வச்சு, நட்டை அரைச்சுத்து லூஸ் பண்ணிட்டு அப்புறம் ஜாக்கி. வீலைக் கழட்டினதும் ஹப் முகத்தையும், ரிம் அதுல போய் உக்கார்ற இடத்தையும் பாருங்க. துரு செதில் செதிலா இருக்கும். அங்க அரை மி.மீ. துரு ஒரு பக்கம் மட்டும் இருந்தாலும் வீல் கோணலா உக்காரும், வெளி ஓரத்துக்கு வர்றப்ப அது பெருசாயிடும். மெஷின்ல எவ்ளோ நல்லா பேலன்ஸ் பண்ணினாலும் வண்டில மாட்டினா ஆடறதுக்கு இது ஒரு பெரிய காரணம். வயர் பிரஷ் போட்டு மினுமினுன்னு தேய்ங்க.

கடையில வாங்கின அலாய் வீல் போட்டிருந்தா நடு ஓட்டையைப் பாருங்க. நிறைய சின்ன கார்கள்ல ஹப் 54.1 மி.மீ. தான், வெளி அலாய் 73.1 ஓட்டையோட வரும், ஏன்னா ஒரே வீலை எல்லா வண்டிக்கும் விக்கணும். அந்த இடைவெளிய நிரப்பற வளையம் இல்லேன்னா வீலை நடுவுல நிறுத்தறது வெறும் நட்டுதான். வளையம் சின்ன விலைதான், ஆனா போட மறந்துடுவாங்க, இல்ல ஏதோ ஒரு தடவை பஞ்சர் கடையில கீழ விழுந்து தொலைஞ்சிருக்கும்.

மாட்டறப்ப எல்லா நட்டையும் கையால உக்கார வச்சு, எதிர் எதிரா மாத்தி மாத்தி டைட் பண்ணுங்க. வரிசையா ஒரு பக்கமா முறுக்கினா வீல் கோணலா உக்காரும். சின்ன கார்களுக்குப் பெரும்பாலும் 85லேர்ந்து 110 நியூட்டன் மீட்டர், உங்க வண்டிக்கு எவ்ளோன்னு மேனுவல்ல பாருங்க. ஏர் கன்னை வச்சு "டர்ர்ர்"னு அடிக்க விடாதீங்க, டிஸ்க்கே கோணிப் போகும்.

5. வீலை இடம் மாத்தி ஓட்டிப் பாருங்க

காசே இல்லாத டெஸ்ட், ஆனா யாரும் பண்றதில்ல. சாக்பீஸால ஒவ்வொரு டயர்லயும் அது இருந்த இடத்தை எழுதுங்க. முன்னாடி ரெண்டையும் அதே பக்கத்துல பின்னாடிக்கு மாத்துங்க. ரோட்டுக்குப் போங்க.

ஸ்டீயரிங் ஆட்டம் சீட்டுக்குப் போயிட்டா, தப்பு வீல்லயோ டயர்லயோதான். இடம் மாறாம ஸ்டீயரிங்லயே இருந்தா தப்பு வண்டில, அதாவது ஹப்பு, பேரிங், ஜாயின்ட் பக்கம்.

எந்த வீல்னு இன்னும் குறிப்பா தெரியணும்னா ஸ்டெப்னியை ஒவ்வொரு மூலையா மாட்டி ஓட்டலாம். ஸ்டெப்னி மத்த டயரோட அதே சைஸா இருக்கணும், ரொம்பப் பழசா இருக்கக் கூடாது. பழைய வண்டில ஸ்டெப்னி வண்டியோட பொறந்ததா இருக்கும், அதை வச்சு ஹைவேல 100 போகாதீங்க.

ஒரு நேரத்துல ஒரு மாத்தம்தான். வீலையும் மாத்தி, பேலன்சிங்கும் பண்ணி, பத்தாததுக்கு அலைன்மென்ட்டும் பண்ணிட்டு "சரியாயிடுச்சு"ன்னா எதனால சரியாச்சுன்னு உங்களுக்கும் தெரியாது, அடுத்த தடவை மறுபடி மூணுக்கும் காசு.

6. பேலன்சிங்: கூடவே நின்னு பாருங்க

கடையில டீ குடிக்கப் போயிடாதீங்க, மெஷின் பக்கத்துலயே நில்லுங்க. வீல் கழுவியிருக்கணும். பழைய வெயிட்டை எல்லாம் முதல்ல எடுக்கச் சொல்லுங்க. பழசை விட்டுட்டு அதுக்கு மேல ஒட்டிக்கிட்டே போனா ரிம் நகைக்கடை மாதிரி ஆகும், பேலன்ஸ் ஆகாது.

வெயிட் போட்டு மெஷின் ரெண்டு பக்கமும் 0 காட்டினதும் ஒரு கோரிக்கை வைங்க: "அண்ணே, லாக்கை லூஸ் பண்ணி வீலை அரைச்சுத்து திருப்பி மாட்டி இன்னொரு தடவை சுத்துங்க." அப்பவும் 0 இல்லேன்னா 5 கிராம் வந்தா சரி. 20ன்னு வந்தா வீல் மெஷின்ல நடுவுல உக்காரவே இல்ல, மொத வேலையே வீண். கொஞ்சம் முகத்தைச் சுளிப்பார், பரவால்ல, காசு நம்மளுது.

ஒரே வீலுக்கு 60, 70 கிராம் கேட்டா ரிம் அடி வாங்கியிருக்கலாம், இல்ல டயரோட கனமான இடமும் ரிம்மோட கனமான இடமும் ஒரே பக்கம் வந்திருக்கலாம். காத்தை இறக்கி டயரை ரிம் மேல அரைச்சுத்து திருப்பச் சொல்லுங்க. நிறைய தடவை பாதியா குறையும்.

7. ரிம் கோணல்

பேலன்ஸ் 0 காட்டியும் ஆடுதுன்னா வட்டமே வட்டமா இல்ல. கனம் சமமா இருந்தாலும் முட்டை முட்டைதானே. முன் வீல் டிரைவ் வண்டின்னா பின் வீலை வீட்லயே சுலபமா பாக்கலாம், கியர்ல போட்டு முன் வீலுக்கு ரெண்டு பக்கமும் கல் வச்சு, ஹேண்ட்பிரேக்கை இறக்கி, பின்னாடியைத் தூக்கி ஸ்டாண்டுல வைங்க. ஒரு செங்கல் மேல ஸ்க்ரூ டிரைவரைப் படுக்க வச்சு நுனி ரிம் ஓரத்தைத் தொட்டும் தொடாம இருக்கற மாதிரி வைங்க, வீலைக் கையால மெதுவா சுத்துங்க. இடைவெளி ஒரு மி.மீ.க்கு மேல கூடிக் குறைஞ்சா சந்தேகம்தான். அதையே டயர் டிரெட் மேலயும் பாருங்க. முன் வீலையும் பின்னாடிக்கு மாத்தி மாட்டி இதே மாதிரி பாக்கலாம்.

ஸ்டீல் ரிம்னா தட்டி நேராக்கிடலாம். அலாய் வெடிச்சிருந்தா வெல்டிங் பண்ணி ஓட்டறதுல எனக்கு நம்பிக்கை இல்ல, மாத்திடுங்க.

8. ஆட்டிப் பாருங்க

முன் வீலைத் தூக்கி, ஸ்டாண்டு வச்சு, கடிகாரத்துல 12 மணிக்கும் 6 மணிக்கும் கை வச்சு ஆட்டுங்க. டொக் டொக்னு விளையாடினா வீல் பேரிங், இல்ல லோயர் ஆர்ம் பால் ஜாயின்ட். கூட இருக்கறவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்க, ஆட்டம் நின்னா பேரிங், நிக்கலைன்னா பால் ஜாயின்ட். அப்புறம் 3 மணி, 9 மணில பிடிச்சு ஆட்டுங்க, இதுல மட்டும் ஆடினா டை ராட் எண்டு, இல்ல ரேக் எண்டு (டை ராடோட உள் முனை).

பேரிங்னா பெரும்பாலும் சத்தமும் வரும், தூரத்துல விமானம் போற மாதிரி ஒரு உம்ம்ம். ரோட்டுல லேசா இடது பக்கம் வளைச்சா எடை வலது வீலுக்குப் போகும், அப்ப சத்தம் கூடினா வலது பேரிங்.

ஒண்ணு புரிஞ்சுக்கங்க. தேஞ்ச ரப்பர் புஷ்ஷும் ஜாயின்ட்டும் தானா ஆட்டத்தை உண்டாக்கறது குறைவு, வீல்ல இருக்கற சின்னக் குறையை அதுங்க பெருசாக்கும். புது வண்டில 10 கிராம் வித்தியாசம் தெரியவே தெரியாது, லட்சம் கி.மீ. ஓடின வண்டில அதே 10 கிராம் கைக்கு வரும். அதனாலதான் பேலன்சிங் முடிச்சிட்டு இங்க வாங்கன்னு சொல்றேன்.

9. ஆக்சிலரேட்டர் மிதிச்சா மட்டும் ஆடினா

மிதிக்கறப்ப நடுங்கி, காலை எடுத்த உடனே நின்னா டிரைவ் ஷாஃப்ட்டோட உள் ஜாயின்ட், கியர்பாக்ஸ் பக்கம் இருக்கறது. ரப்பர் பூட் கிழிஞ்சு கிரீஸ் சுத்தி தெளிச்சிருக்கான்னு பாருங்க. வளைவுல டக்டக்னு சத்தம்னா அது வெளி ஜாயின்ட், இந்த நடுக்கத்துக்கு அது காரணமில்ல, ரெண்டையும் குழப்பி தப்பான ஜாயின்ட்டை மாத்தறவங்க உண்டு.

அம்பாசடர், ஆம்னி, பொலேரோ மாதிரி பின் வீல் டிரைவ் வண்டின்னா அடியில பின் வீலுக்குப் போற நீளத் தண்டு, புரொப்பெல்லர் ஷாஃப்ட். அதோட முனையில இருக்கற கிராஸ் ஜாயின்ட்ல ஆட்டம் இருக்கான்னு கையால முறுக்கிப் பாருங்க. ஷாஃப்ட்டைக் கழட்டறதுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் சாக்பீஸ் கோடு போடணும், இல்லேன்னா திருப்பி மாட்டி இல்லாத ஆட்டத்தைப் புதுசா வரவழைச்சுப்பீங்க.

10. பிரேக் பிடிச்சா மட்டும் ஆடினா

இது தனிக் கேஸ். லேசா பிரேக் பிடிக்கறப்ப ஸ்டீயரிங் ஆடினா முன் டிஸ்க் ஒரு இடம் தடிமனா, ஒரு இடம் மெல்லிசா தேஞ்சிருக்கு. லேத்துல போட்டு எடுக்கலாம், ஆனா குறைஞ்சபட்ச தடிமன் எவ்ளோன்னு டிஸ்க்லயே பொறிச்சிருக்கும், அதுக்குக் கீழ போகக் கூடாது.

பிரேக் பிடிக்காமயே கொஞ்ச தூரம் ஓடினப்புறம்தான் ஆட்டம் வருதுன்னா காலிப்பர் (பிரேக் பேடை டிஸ்க்ல அழுத்தறது) விடாம பிடிச்சுக்கிட்டு இருக்கலாம். நிறுத்தினதும் ஒவ்வொரு ரிம்முக்கும் ஒரு அங்குலம் தள்ளி கையைக் காட்டுங்க, ஒண்ணு மட்டும் அனலா இருந்தா அதான். தொட்டுப் பாக்காதீங்க, தோல் போயிடும்.

11. இன்ஜின் பக்கம்னு தெரிஞ்சா

நின்ன வண்டில நியூட்ரல்ல அதே ஆர்.பி.எம்.முக்கு ரேஸ் பண்ணுங்க. அதே கூச்சம் வந்தா இன்ஜின் மவுண்ட். பானட்டைத் திறந்து வச்சுட்டு, கூட இருக்கறவரை பிரேக்கை நல்லா மிதிச்சு, முதல் கியர்ல கிளட்ச்சை ஒரு நொடி லேசா விட்டுப் பிடிக்கச் சொல்லுங்க. நீங்க வண்டிக்கு முன்னாடி நிக்காம பக்கவாட்டுல நின்னு பாருங்க. இன்ஜின் குதிச்சா ரப்பர் கிழிஞ்சிருக்கு. மேட்டுல ஏர்றப்ப மட்டும் உதறினா பிளக், காயில் பக்கம் பாருங்க.

12. சரி பண்ணினப்புறம்

அதே ரோடு, அதே ஸ்பீடு, அதே நோட்டு. பழைய பக்கத்துக்கு எதிர்ல புதுசை எழுதுங்க. பாதி குறைஞ்சு பாதி இருந்தா ரெண்டு குறை இருந்திருக்குன்னு அர்த்தம், ஸ்டெப் 5லேர்ந்து திரும்பப் போங்க, இதுவரைக்கும் பண்ணது வீணில்ல. அலைன்மென்ட் இப்ப பண்ணலாம், டை ராட் எண்டு, லோயர் ஆர்ம் மாதிரி ஏதாவது மாத்தியிருந்தா கட்டாயம் பண்ணணும்.

வீல் கழட்டி மாட்டின வண்டிய ஒரு 100 கி.மீ. ஓட்டிட்டு நட்டை எல்லாம் திரும்ப ஒரு தடவை டைட் பாருங்க. அலாய்ல, புதுசா துரு சுரண்டின ஹப்புல கொஞ்சம் உக்காந்து லூசாகும்.